மக்கரேனாவிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை

சிலர் பழைய கிரிக்கெட் ஸ்கோர்கார்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, எனக்கு அந்த வியாதி பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை வாரா வாரம் போடும் பாடல், ஆல்பம் பட்டியல்களில். எந்த வாரம் எந்தப் பாட்டு எத்தனையாவது இடத்தில் இருந்தது, எதை எது கீழே தள்ளியது, இருபது வாரம் சும்மா கிடந்த பாட்டு திடீரென்று எப்படி மேலே ஏறியது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். நீ பாட்டைக் கேட்ட நேரத்தைவிடப் பட்டியலைப் படித்த நேரம்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இல்லையென்று சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாளாக லத்தீன் பாடல்கள் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறேன். லத்தீன் என்று பெயர்தானே தவிர, அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். ஸ்பெயின்காரர், மெக்சிகோக்காரர், கொலம்பியாக்காரர், டெக்சஸில் பிறந்து வளர்ந்தவர் எல்லாரும் ஒரே கூடையில் கிடப்பார்கள். போர்ச்சுகீசியத்தில் பாடும் பிரேசில்காரர்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இந்த மேய்ச்சலுக்கு ஆரம்பம் மக்கரேனா. நான் ஒன்பதாவது படித்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். கை நீட்டு, உள்ளங்கையைத் திருப்பு, தோள், தலை, இடுப்பு, குதித்துத் திரும்பு. பி.டி. மாஸ்டர்தான் பயிற்சி கொடுத்தார், ட்ரில் வகுப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் அவருக்கு அது சுலபமாக வந்தது. வார்த்தை ஒன்றுகூட எங்களுக்குப் புரியாது. இப்போது அர்த்தம் தெரியும். மக்கரேனா என்ற பெண்ணுக்கு விட்டோரினோ என்று ஒரு காதலன். அவன் ராணுவத்தில் சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இவள் அவனுடைய இரண்டு நண்பர்களோடு கூத்தடிக்கிறாள். இது தெரிந்திருந்தால் எங்கள் தலைமையாசிரியை மேடைக்குப் பக்கத்தில்கூட அந்த கேசட்டை விட்டிருக்க மாட்டார்.

பாடியவர்கள் லோஸ் டெல் ரியோ. ஸ்பெயினில் செவில்லுக்குப் பக்கத்தில் தோஸ் எர்மானாஸ் என்ற ஊரைச் சேர்ந்த இருவர். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு விருந்துகளில் பாடுகிற, நடு வயதைத் தாண்டிய ஆட்கள். 1992இல் வெனிசுவேலாவில் ஒரு விருந்தில் ஒரு ஃபிளமென்கோ நடனப் பெண் ஆடியதைப் பார்த்து அங்கேயே வாயில் வந்த வரிதான் அந்தப் பல்லவி. பாட்டு 1993இல் வந்தது, ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவிலும் ஓடியது. அமெரிக்காவில் மேலே ஏறியது எப்படி என்பதுதான் எனக்குச் சுவாரசியம். மயாமியில் பவர் 96 என்று ஒரு வானொலி நிலையம். அங்கே இருந்த டிஜே ஒருவர், கிளப்பில் ஜனங்கள் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்துவிட்டு நிலையத்தில் போடலாமா என்று கேட்கிறார். ஆங்கிலம் இல்லாத பாட்டைப் போடுவதில்லை, ஆங்கிலம் சேர்த்துக்கொண்டு வா என்கிறார்கள். அவர் பேசைட் பாய்ஸ் என்ற இரண்டு பேரைப் பிடித்து, ஒரு பெண் குரலில் ஆங்கிலச் சரணங்களைச் சேர்த்து, கீழே நல்ல தாளமாக ஒன்றைப் போட்டு ரீமிக்ஸ் செய்துகொண்டு வருகிறார். நம் ஆண்டு விழாவில் ஒலித்ததும் அந்த ரீமிக்ஸ்தான்.

அந்த ரீமிக்ஸ் பில்போர்டின் முதன்மைப் பாடல் பட்டியலான ஹாட் 100இல் முதல் இடத்துக்குப் போனது 1996 ஆகஸ்டில், பட்டியலில் நுழைந்து முப்பத்து மூன்றாவது வாரத்தில். போனது போய் 14 வாரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மொத்தம் 60 வாரம் பட்டியலில் இருந்தது. அந்த ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் கூட்டம் கூட்டமாக எழுந்து இதை ஆடினார்கள். துணை அதிபர் அல் கோர் நானும் ஆடிக்காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, மேடையில் மரம் மாதிரி அசையாமல் நின்றார், அப்புறம் இன்னொரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்டார். (அரசியல்வாதி ஒருவர் தன்னைத் தானே கேலி செய்துகொண்டதில் நான் ரசித்த மிகச் சிலவற்றில் இது ஒன்று.) பிரிட்டனில் மட்டும் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது, மேலே ஸ்பைஸ் கேர்ள்ஸ் இருந்தார்கள்.

வானொலிக்காரருக்கு ஆங்கிலம் வேண்டும், வானொலி போட்டால்தான் பட்டியலில் ஏறும். பட்டியல் என்பதை நாம் என்னவோ தராசு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். யாருடைய கடையில், எந்த வாசலில் நின்று எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதில் எடை விழும். டிவியில் வாரா வாரம் டாப் டென் பார்த்து வளர்ந்தவன்தான் நானும், இதை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம். ஹாட் 100இல் முதல் இடம் பிடித்த முதல் முழு ஸ்பானிஷ் பாட்டு லா பம்பா, 1987இல், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த லோஸ் லோபோஸ் பாடியது, மூன்று வாரம். அதுவும் ஒரு திரைப்படத்தின் தோளில் ஏறி வந்தது. படம் ரிச்சி வாலன்ஸின் வாழ்க்கைக் கதை. மெக்சிகோவின் வெராகுரூஸ் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை எடுத்து ராக் அண்ட் ரோலாக மாற்றிய பையன் அவன். 1958இல் அவன் பதிவு செய்தபோது அது இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டு. முன்பக்கத்தில் இருந்த ஆங்கிலப் பாட்டு இரண்டாம் இடம் வரை போனது, லா பம்பா 22ஆம் இடத்தோடு சரி. 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் இறந்துபோனான். வயது 17. அவனுக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது, வார்த்தைகளைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து பாடினான் என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால் செலீனா கதையும் அதேதான். டெக்சஸில் பிறந்து ஆங்கிலம் பேசி வளர்ந்த பெண். தேஹானோ என்கிற டெக்சஸ் மெக்சிகோக்காரர்களின் இசையைக் கேட்கிற மக்களுக்காக அவளுடைய அப்பா ஸ்பானிஷ் பாட்டுகளை ஒலி ஒலியாகச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றினார். அவள் அந்த மக்களின் ராணியாகவே ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு கம்பெனி ஆங்கில ஆல்பம் ஒன்று போட்டு அவளை எல்லாருக்கும் கொண்டுபோகலாம் என்கிறது, அதாவது வீட்டில் பேசிய மொழிக்கே வெளிநாட்டுக்காரி மாதிரி திரும்பி வர வேண்டும். அந்த வேலை பாதியில் இருக்கும்போது, 1995 மார்ச் 31 அன்று, கார்ப்பஸ் கிறிஸ்டியில் அவளுடைய ரசிகர் மன்றத்தை நடத்திவந்த பெண்ணே அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டாள். செலீனாவுக்கு 23 வயது. ஆங்கிலப் பாடல்கள் ஒரு சிலதான் பதிவாகியிருந்தன, மிச்ச இடத்தைப் பழைய ஸ்பானிஷ் பாடல்களால் நிரப்பி ஜூலையில் ட்ரீமிங் ஆஃப் யூ வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே 3,31,000 பிரதிகள் விற்று பில்போர்டு 200 என்ற ஆல்பம் பட்டியலில் நேராக முதல் இடம்.

அது வரைக்கும் இவ்வளவு பேர் எங்கே இருந்தார்கள்? அங்கேயேதான் இருந்தார்கள். 1991 மே மாதம் வரை ஆல்பம் பட்டியலைத் தயாரித்தது கடைகளுக்குப் போன் போட்டு எது அதிகம் போகிறது என்று கேட்டுத்தான். அதற்குப் பிறகு பார்கோடு ஸ்கேன் செய்து எண்ணும் சவுண்ட்ஸ்கேன் வந்தது. ஆனால் ஸ்பானிஷ் கேசட் நிறைய விற்றது மளிகைக்கடை ஓரத்திலும் சந்தையிலும் சின்னச் சின்னக் கடைகளிலும்தான், அவற்றில் பலவும் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. செலீனா இறந்த துக்கத்தில் அத்தனை பேரும் பெரிய கடைகளுக்கு வந்து வரிசையில் நின்றபோதுதான் கணக்கில் தெரிந்தார்கள்.

லத்தீனுக்கென்று தனிப் பட்டியல் இல்லாமல் இல்லை. ஹாட் லத்தீன் பாடல்கள் பட்டியல் 1986 செப்டம்பரிலேயே வந்துவிட்டது, முதல் வார முதல் இடம் ரோசியோ துர்கால் என்ற ஸ்பெயின் பாடகிக்கு. டாப் லத்தீன் ஆல்பங்கள் 1993 ஜூலையில். அதன் முதல் நம்பர் ஒன் குளோரியா எஸ்டெஃபானின் மி தியெர்ரா, 58 வாரம் முதல் இடத்தில் இருந்தது. கியூபாவில் பிறந்து மயாமியில் ஆங்கிலப் பாப் பாடிப் பெயர் எடுத்தவர், அம்மா அப்பா காலத்துக் கியூப இசைக்குத் திரும்பிப் போய்ச் செய்த ஆல்பம். இன்றைக்குக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது, சமையல் நேரத்தில் போட்டுவிடுங்கள்.

பாடல் பட்டியலில் 2012 அக்டோபரில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை ஸ்பானிஷ் வானொலிகளில் எத்தனை தடவை ஒலித்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு டிஜிட்டல் விற்பனை, ஸ்ட்ரீமிங், கூடவே எல்லா வகை வானொலியும் சேர்ந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆங்கில வானொலியும் கணக்கில் வந்ததால், ஆங்கிலம் கலந்த பதிப்பு ஒன்று வைத்திருக்கும் பாட்டு லத்தீன் பட்டியலிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. ஷகீராவின் லா டோர்துரா 2005இல் 25 வாரம் முதல் இடத்தில் இருந்ததே அப்போது பெரிய விஷயம். என்ரீக்கே இக்லேசியாஸின் பைலாண்டோ 41 வாரம். அப்புறம் டெஸ்பசீட்டோ, 56 வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே பாட்டு! அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை வாரா வாரம் பார்ப்பதில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லத்தீன் பாடகர்களுக்கு பத்து மடங்கு பிளாட்டினம் கிடைத்தது என்று செய்தி வரும். பிளாட்டினம் என்பது இத்தனை பிரதி விற்றது என்று கொடுக்கும் சான்றிதழ், அமெரிக்காவில் வழக்கமான பிளாட்டினம் என்றால் பத்து லட்சம். ஸ்பானிஷ் பாடல்களுக்கான தனிச் சான்றிதழில் 2013 கடைசியிலிருந்து பிளாட்டினம் என்றால் 60,000. பத்து மடங்கு என்றால் ஆறு லட்சம். தப்பில்லை, சின்னச் சந்தைக்குச் சின்ன அளவு. ஆனால் செய்தி எழுதுகிறவர்கள் படியைச் சொல்லாமல் எத்தனை படி என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

1999ஐ வேகமாகத் தாண்டிவிடலாம். ரிக்கி மார்ட்டின், சந்தானா, ஜெனிஃபர் லோபஸ் என்று எல்லாரும் ஒரே வருஷத்தில் முதல் இடத்துக்கு வந்தார்கள், லத்தீன் அலை என்று பத்திரிகைகள் எழுதின. எல்லாம் ஆங்கிலப் பாட்டு. அலை யாருடையது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டெஸ்பசீட்டோவுக்கு வருகிறேன். மெல்ல மெல்ல என்று அர்த்தம். அதைப் பாடிய லூயிஸ் ஃபோன்சியும் பனாமாக்காரரான எரிகா எண்டரும் எழுதியது, ராப் பாடகர் டாடி யாங்கி தன் பங்கைச் சேர்த்தார். புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில், கடலோரக் குப்பமான லா பெர்லாவில் படம் பிடித்த வீடியோவோடு 2017 ஜனவரியில் வந்தது. ஹாட் 100இல் 88ஆம் இடத்தில் நுழைந்து மெல்ல மெல்லத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஆங்கிலப் பாப் பாடகர் ஜஸ்டின் பீபர் கொலம்பியாவுக்குப் போகிறார், ஒரு கிளப்பில் இந்தப் பாட்டுக்கு ஜனங்கள் ஆடுவதைப் பார்க்கிறார், நானும் பாடுகிறேன் என்கிறார். ஏப்ரலில் ரீமிக்ஸ் வந்ததும் 48ஆம் இடத்திலிருந்த பாட்டு ஒரே தாவலில் ஒன்பதாம் இடம். மே மாதம் முதல் இடம். 16 வாரம் அங்கே இருந்து, 1995இல் மரையா கேரியும் பாய்ஸ் டு மென்னும் சேர்ந்து வைத்த சாதனையைச் சமன் செய்தது. மக்கரேனாவுக்குப் பிறகு 21 வருஷம் கழித்து முதல் இடத்துக்கு வந்த ஸ்பானிஷ் பாட்டு. மறுபடியும் அதே கதைதானே? மயாமி வானொலி அறையில் நடந்தது இருபத்தோரு வருஷம் கழித்து இன்னும் பெரிய ஆளை வைத்து நடந்தது.

அப்படித்தான் நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்கச் சரியில்லை. யூட்யூபில் கோடிக் கணக்கில் பார்க்கப்பட்டது பீபர் இல்லாத பழைய வீடியோ. அந்த ஆகஸ்டில் யூட்யூபிலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ என்ற இடத்துக்கு அது வந்தது, 2020 நவம்பரில் குழந்தைகளின் பேபி ஷார்க் வந்து இறக்கும்வரை அதே இடம். அமெரிக்க வானொலியில் ஏறத்தான் பீபர் தேவைப்பட்டார், உலகத்துக்கு இல்லை. சொந்தக் கருத்து ஒன்று: பீபர் பதிப்பில் அந்த ஆங்கிலத் தொடக்கம் பாட்டுக்குள் போவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைக்கிற இடம் மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்காது. பிறகு நியூயார்க் கிளப் ஒன்றில் அவர் ஸ்பானிஷ் வரி மறந்துபோய் வாய்க்கு வந்த உணவுப் பெயர்களை வைத்து ஒப்பேற்றிய வீடியோ வேறு வந்து மானத்தை வாங்கியது. மலேசியாவில் ஜூலை மாதம் அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம் இந்தப் பாட்டைத் தன் நிலையங்களில் போடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. நம் ஆட்கள் தமிழில் கேட்கும் மின்னல் எஃப்எம்மை நடத்தும் அதே ஆர்டிஎம்தான். வரிகளின் அர்த்தம் பற்றிப் புகார் வந்ததாம். எங்கள் தலைமையாசிரியைக்கு வராத சந்தேகம் அவர்களுக்கு வந்துவிட்டது.

செப்டம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் வந்து டெஸ்பசீட்டோவை இறக்கினார். அதே மாதம் 20ஆம் தேதி மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைச் சுருட்டிப் போட்டது. தீவு முழுக்க மின்சாரம் போனது, பல ஊர்களுக்கு மாதக்கணக்கில் வரவில்லை.

அந்தத் தீவின் பேகா பாஹா ஊர்ப் பையன் பென்னிட்டோ மார்ட்டினெஸ், சூப்பர் மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே பாட்டை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவன், பேட் பன்னி என்ற பெயரில் மேலே வந்ததும் அந்த வருஷங்களில்தான். 2020இல் அவருடைய ஆல்பம் ஒன்று பில்போர்டு 200இல் முதல் இடம் பிடித்தது, முழுக்க ஸ்பானிஷில் இருக்கும் ஆல்பத்துக்கு அதுதான் முதல் தடவை. 2022 மே மாதம் ஊன் வெரானோ சின் தி வந்தது. நீயில்லாத ஒரு கோடை. முதல் வாரம் 2,74,000 யூனிட் (ஸ்ட்ரீமிங்கையும் ஆல்பம் விற்பனையாக மாற்றிச் சேர்த்த கணக்கு), கிட்டத்தட்ட முழுவதும் ஸ்ட்ரீமிங். விட்டு விட்டு 13 வாரம் முதல் இடம். அந்த வருஷத்தின் நம்பர் ஒன் ஆல்பம். ஒரு வரிகூட ஆங்கில விருந்தாளிக்கு ஒதுக்கவில்லை.

இப்போது இதைப் பாருங்கள், என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்த விஷயம் இது. அந்த ஆல்பத்தில் 23 பாடல்கள். அதில் ஒன்றுகூட ஹாட் 100இல் முதல் இடத்துக்கு வரவில்லை! அதிகபட்சம் நான்காம் இடம். வருஷத்தின் மிகப் பெரிய ஆல்பம், ஆனால் நம்பர் ஒன் பாட்டு கிடையாது. காரணம் சிக்கலானதில்லை. ஆல்பம் பட்டியலில் வானொலிக்கு இடம் இல்லை, விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும்தான். பாடல் பட்டியலில் வானொலி இருக்கிறது. கேட்கிறவன் தன் போனில் தட்டியது ஒரு கணக்கு, நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறவர் போட்டது இன்னொரு கணக்கு. பவர் 96 வாசல் அப்படியே இருக்கிறது, இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 23 பாட்டு வைத்தால் ஒரு தடவை ஆல்பத்தை ஓடவிட்டாலே 23 ஸ்ட்ரீம். அன்றைய கணக்கில் பணம் கட்டிக் கேட்பவர்களின் 1,250 ஸ்ட்ரீம் சேர்ந்தால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். நீளமான ஆல்பத்துக்கு இதில் லாபம்தான், ராப் பாடகர்கள் எல்லாரும் செய்வதுதான். எனக்கும் அந்த ஆல்பத்தில் ஆறேழு பாட்டை எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். எதை எடுப்பது என்று உட்கார்ந்தால் மட்டும் இரண்டுக்கு மேல் மனசு வராது.

2023 கிராமி விழாவை பேட் பன்னிதான் பாடித் தொடங்கிவைத்தார். டிவியில் கீழே ஓடிய எழுத்துகளில் அவர் பாடிய ஸ்பானிஷ் வரிகள் வரவில்லை, ஆங்கிலமல்லாத மொழியில் பாடுகிறார் என்று மட்டும் வந்தது. அமெரிக்காவில் நாலு கோடிப் பேருக்கு மேல் வீட்டில் பேசும் மொழி அது. பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் தவறை ஒப்புக்கொண்டார்கள். சிறந்த ஆல்பம் விருதுக்குப் போட்டியிட்ட முதல் முழு ஸ்பானிஷ் ஆல்பம் என்ற பெருமையோடு அன்றைக்கு வெறுங்கையோடு போகவில்லை, வேறொரு பிரிவில் விருது கிடைத்தது, ஆனால் பெரிய விருது ஹாரி ஸ்டைல்ஸுக்கு.

அதே விருதை 2026 பிப்ரவரியில் வாங்கியது இவருடைய தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ். இன்னும் நிறைய போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். பிளேனா, போம்பா, சால்சா என்று தீவின் பழைய இசை எல்லாம் வருகிற ஆல்பம். அதில் ஒரு சால்சா பாட்டுக்கு வாசித்திருப்பவர்கள் சான் ஹுவான் அரசு இசைப் பள்ளியில் படித்த பிள்ளைகள், அந்தத் தாரைகள் நுழையும் இடத்துக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

பட்டியல்காரனாக எனக்குப் பிடித்தது அது வெளியான நாள். ஆல்பம் என்றால் உலகம் பூராவும் வெள்ளிக்கிழமை வரும், எண்ணும் வாரமும் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடிகிறது. இவர் 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டார். மறுநாள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள், புவேர்ட்டோ ரிக்கோவில் பிள்ளைகள் முந்தின ராத்திரி பெட்டியில் புல் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்குவார்கள், ராஜாக்களின் ஒட்டகத்துக்கு. அந்த ராத்திரிக்கு வந்து சேர்கிற மாதிரி ஆல்பத்தை வைத்தார். முதல் வாரக் கணக்கில் இரண்டு நாள் போயிற்று, இரண்டாம் இடத்தில்தான் நுழைந்தது. அடுத்த வாரம் ஏழு நாளும் எண்ணினார்கள், முதல் இடம்.